பாட்டை நடுவில் நிறுத்துங்கள்

"பாட்டெல்லாம் நல்லா படிப்பான், பேச்சுதான் வரமாட்டேங்கு." நாகர்கோவில் பக்கம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற எனக்கு இந்த வரி மனப்பாடமாகிவிட்டது. சரி, பாட்டை எங்கே கேட்டுப் படித்தான் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான், போன்.

பாட்டு என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பேசும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும், அதிலும் நம்ம மாவட்டத்துப் பேச்சு இன்னும் கொஞ்சம் வேகம். ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கைக்குழந்தைக்குப் பிடிபடாது. பாட்டில் அதே சொல் இழுபட்டு, தாளத்தோடு, திரும்பத் திரும்ப வருகிறது. 'நிலா நிலா ஓடி வா' என்று பாடி, அடுத்த வரியை 'நில்லாமல்' என்று தொடங்கும்போது ஒரே ஒலியில் ஆரம்பிக்கிற இரண்டு சொற்கள் காதில் விழுகின்றன. ஆங்கில ரைம்ஸில் ஓசை பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒத்துப்போகும், நம்ம பாட்டுகளில் வரியின் தலையிலேயே மோனையும் எதுகையும் உட்கார்ந்திருக்கும். இப்படி ஒலியைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது பின்னால் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கைகொடுக்கும். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் குழந்தைப் பாடல்கள் நிறையத் தெரிந்திருந்த ஆங்கிலக் குழந்தைகள் பின்னால் சொற்களின் ஒலி ஒற்றுமையைக் கண்டுபிடிப்பதிலும் முந்தி நின்றார்கள்.

கவிமணி பிறந்த தேரூர் நமக்குச் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளைப்பசுவையும் கன்றுக்குட்டியையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டாகக் கொடுத்த மாவட்டத்தில், சோறு ஊட்ட ஒரு கார்ட்டூன் பாட்டு, தூங்க இன்னொன்று என்று போட்டுவிடுகிறோமே என்பது என் சொந்த எரிச்சல், அதை விடுங்கள்.

போனில் வருவதும் அதே பாட்டுதானே என்று கேட்பார்கள். 2003இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாத வயது. ஒரு கூட்டத்துக்குச் சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் வாசித்து விளையாட்டுக் காட்டினார்கள், இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள் திரையில் மட்டும். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தெரிந்தது, திரையில் பார்த்தவர்களுக்கு வரவே இல்லை. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

என்னிடம் வந்த ஒரு பையன், இரண்டரை வயது இருக்கும். 'ட்விங்கிள் ட்விங்கிள்' முழுசும் ராகத்தோடு படித்தான், பாட்டிக்கு ஒரே பெருமை. கொஞ்ச நேரத்தில் தாகம் எடுத்தது. தண்ணி என்று கேட்கவில்லை, அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் பையின் மேல் வைத்தான். அவனுக்குப் பாட்டு என்பது ஆரம்பித்தால் கடைசிவரை தானாக ஓடுகிற ஓசை. அதில் இன்னொரு ஆளுக்கு இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கத்தான் பாட்டை நிறுத்தச் சொல்கிறேன். நம்ம ஆச்சிமார் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று ஒவ்வொரு விரலாக மடக்கி, 'நண்டூருது நரியூருது' என்று இரண்டு விரல் கையில் ஏறும். அக்குளுக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நிற்கும் பாருங்கள், அங்கேதான் விஷயம். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆச்சியின் முகத்தைப் பார்க்கும், தோளைக் குறுக்கும், "ஆ" என்று ஏதாவது ஒரு சத்தம் கொடுக்கும். அது உங்கள் முறை, இது என் முறை என்று பேச்சில் மாற்றி மாற்றிப் பேசுவதற்கான ஒத்திகை அது. கிச்சுகிச்சு அதற்குப் பிறகு வந்தால் போதும்.

'கை வீசம்மா கை வீசு' பாடும்போது 'கடைக்குப் போகலாம் கை...' என்று நிறுத்தி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நம்மால் ஐந்து எண்ண முடியாது, இரண்டிலேயே 'வீசு' என்று நாமே சொல்லிவிடுவோம், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிள்ளை 'சு' என்றாலும் சரி, கையை ஆட்டினாலும் சரி, அது பதில்தான். 'நிலா'வை 'நியா' என்று சொன்னால் திருத்தி மறுபடி சொல்லவைக்க வேண்டாம், நீங்கள் சரியாகப் பாடிவிட்டு மேலே போங்கள். ர, ழ எல்லாம் தாமதமாகத்தான் வரும். பாட்டு பழகிய பிறகு சொல்லை மாற்றுங்கள், வடசேரிச் சந்தைக்குப் போகலாம், மட்டிப்பழம் வாங்கலாம். தெரிந்த மெட்டில் தெரியாத சொல் வந்தால் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்க்கும்.

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள், வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து கேட்பதால்தான் பேச்சு வரவில்லையா என்பார்கள். இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது, ஆச்சிக்கு எந்தப் பாட்டு வருமோ அதையே பாடட்டும். ஞாயிறு பள்ளியில் கையைக் காலை ஆட்டிப் பாடுகிற பாட்டுகளும் அருமையானவை.

பாட்டே மருந்து என்று நினைத்து உட்கார்ந்துவிடவும் கூடாது. ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் 'பால் தா' மாதிரி சொந்தமாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். பாட்டு முழுசாகத் தெரிந்தும் தேவையைக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கும் இதே விதிதான். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம். வசம்பு, நாக்கில் தேன் இதிலெல்லாம் பேச்சு வராது, ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தும்கூட.

வளைகுடாவில் இருந்து வீடியோ காலில் பாடுகிற அப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மறுமுனையில் பதில் சொல்கிற ஆள் இருப்பதால், யூடியூப் பாட்டோடு அதைச் சேர்க்க வேண்டாம், தாராளமாகப் பாடுங்கள். லைன் தாமதமாவதால் ஐந்துக்குப் பதில் எட்டு எண்ணுங்கள், விரலை ஏற்றிக் கிச்சுகிச்சு மூட்ட மட்டும் இங்கே அம்மாவோ ஆச்சியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.