192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு காதுக்குத் தெரியுமா?

ஹெட்போன் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் தவறாமல் கிளம்பும் சண்டை ஒன்று உண்டு. சி.டி. தரமே தாராளம் என்பார் ஒருவர். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் கேட்டுப் பழகிய காது அதற்குக் கீழே இறங்காது என்பார் இன்னொருவர். உடனே யாராவது ஒரு படத்தை எடுத்து நீட்டுவார்கள். அதில் ஒரு பக்கம் வழுவழுப்பான ஒலியலை இருக்கும். மறுபக்கம் அதே அலை படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருக்கும். படிகள் பொடியாகப் பொடியாக இசை உண்மையை நெருங்கும் என்பது அந்தப் படம் சொல்ல வருவது. விளம்பரங்களிலும் இதையே பார்க்கலாம்.

அந்தப் படம் தவறு. அது தவறு என்பது இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் மிக அழகான முடிவுகளில் ஒன்று.

மைக்கில் வந்து மோதும் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக எழுதி வைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. சி.டி.யில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள்; அதுதான் 44.1 கிலோஹெர்ட்ஸ். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 1,92,000 முறை. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே நடந்தது பதிவில் இல்லை. அப்படியானால் ஏதோ தொலைந்திருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஒரு தாளில், ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளை வையுங்கள். மூன்றையும் தொட்டுச் செல்லும் வட்டம் ஒன்றே ஒன்றுதான். அந்த வட்டத்தின் மேல் இன்னும் நூறு புள்ளிகள் வைத்தாலும் அதன் வடிவம் துளியும் மேம்படாது. ஒலியலைக்கும் இப்படி ஒரு விதி இருக்கிறது. அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் அளந்துவிட்டால், அந்த அளவீடுகளுக்குப் பொருந்தும் அலை அந்த எல்லைக்குள் ஒன்றே ஒன்றுதான். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு அடித்தளம் போட்டார். சோவியத் ஒன்றியத்தில் விளாடிமிர் கொட்டெல்னிக்கோவ் 1933இல் தேற்றமாகவே எழுதினார். கிளாட் ஷானனின் 1949ஆம் ஆண்டுக் கட்டுரை அதைப் பொறியாளர்களிடம் பரப்பியது.

பாட்டை ஒலிக்கச் செய்யும் கருவி இந்த எண்களைப் படிக்கட்டாக அப்படியே வெளியே தள்ளுவதில்லை. எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களை ஒரு வடிகட்டி நீக்கிவிடுகிறது. படியின் கூர்மையான விளிம்புகள் அந்த அதிர்வெண்களால் ஆனவை என்பதால் அவையும் கூடவே மறைந்து, மூல அலை மீள்கிறது. மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை இணைத்துப் பாருங்கள், வளைகோடு மட்டுமே தெரியும்.

மனிதக் காதின் உச்சவரம்பு ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே நொடிக்கு 40,000 அளவீடுகளுக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். பின் ஏன் 44,100 என்ற விசித்திர எண்? 1982இல் சோனியும் பிலிப்ஸும் சி.டி.யைக் கொண்டுவருவதற்கு முன்பு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வீடியோப் படத்தின் ஒரு வரிக்கு 3 அளவீடுகள், ஒரு புலத்துக்கு (அதாவது பாதிப் படத்துக்கு) 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையின் 294 வரிகளையும் 50 புலங்களையும் வைத்துப் பெருக்கினாலும் அதே 44,100 வருவது எனக்கு இன்றும் வியப்பு தருகிறது.

ஒவ்வோர் அளவீட்டையும் எத்தனை ஈரிலக்கங்களில் எழுதுகிறோம் என்பதுதான் பிட் எண்ணிக்கை. அதுவும் அலையின் வழுவழுப்பைக் கூட்டுவதில்லை. பின்னணி இரைச்சலின் மட்டத்தைத்தான் அது தீர்மானிக்கிறது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்ற கணக்கில் சி.டி.யின் 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. சாதாரண வீட்டு அறையின் அமைதிக்கு அது மிகுதி. பதிவுக்கூடத்தில் 24 பிட் தேவை. பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினால் பதிவு சிதையாமல் இருக்க அங்கே இடம் விட்டு வைக்க வேண்டும். கேட்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

மறுதரப்பிடமும் ஒரு நல்ல வாதம் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸுக்கும், 44.1இன் பாதியான 22.05க்கும் நடுவே உள்ள குறுகிய இடத்துக்குள் வடிகட்டி தன் வேலையை முடிக்க வேண்டும். அளவீட்டு வேகம் கூடினால் வடிகட்டி மென்மையாக இயங்கலாம். அது காதுக்குத் தெரிகிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதித்திருக்கிறார்கள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தர இசையை நேரடியாக ஒரு முறையும், நடுவே சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் கேட்கவைத்தார்கள். 554 தடவைகளில் 276 சரியான விடை; நாணயத்தைச் சுண்டினாலும் இதுதான் கிடைக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் சற்று மேலே. ஆக, வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. இருந்தாலும் மிக மிகச் சிறியது.

அப்படியென்றால் “எனக்குப் பளிச்சென்று தெரிகிறது” என்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் கேட்ட வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் உயர்தர வெளியீடுகள் பலவற்றுக்கு மாஸ்டரிங்கையே, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பையே, புதிதாகச் செய்திருப்பார்கள். அவர் ஒப்பிட்டது கோப்பின் தரத்தை அல்ல, இரண்டு வெவ்வேறு பொறியாளர்களின் வேலையை. இன்னொரு காரணம் ஒலியளவு. ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபலுக்கும் குறைவாகக் கூடியிருந்தாலும், ‘சத்தம் அதிகம்’ என்று நமக்குத் தோன்றாது. ‘தெளிவு அதிகம்’ என்றே தோன்றும். புளூடூத்தில் கேட்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புளூடூத்தில் உயர்தர ஒலியை அனுப்பும் எல்டாக் முறையின் உச்சவேகமே நொடிக்கு 990 கிலோபிட், சி.டி.க்கு 1,411 வேண்டும்.

எனவே விலை கொடுத்து வாங்கிய 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பை நீங்களே 16 பிட், 44.1க்கு மாற்றுங்கள். இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். எது ஒலிக்கிறது என்று காட்டாத ஏபிஎக்ஸ் சோதனைச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் 16 முறை கேளுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், அது வெறும் குருட்டு யோகமாக அமைய 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அந்த முடிவை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகலாம்.