மழைக்கு விழுகிற றிப் சுவிச்

கார்த்திகை பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "தம்பி, றிப் சுவிச் நிக்குதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ." கரண்ட் எங்காவது கசிந்தால் தானே விழுந்து வீட்டுக் கரண்டை வெட்டுகிற சுவிச் அது. இலங்கையின் வன்னியில் வயரிங் வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே றிப் சுவிச் விழவில்லை. பிரச்சினையே அதுதான். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "மோட்டரிலை கை பட்டால் விறைக்குது தம்பி. செருப்போடை நிண்டால் ஒண்டும் இல்லை."

"எத்தினை நாளா அம்மா?"

"ஐப்பசி மழை தொடங்கினதிலை இருந்து."

போர்டைத் திறந்தேன். றிப் சுவிச்சின் கீழ் முனைகளில் இருக்க வேண்டிய இரண்டு வயரும் மேல் முனைகளிலேயே பூட்டிக் கிடந்தன, கரண்ட் சுவிச்சுக்குள் போகாமல் நேரே போகிறது. அடிக்கடி விழுகிறது என்று யாரோ 'டிரெக்ட்' கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சுவிச் மேலே ஏறித்தான் நிற்கிறது, ஆனால் அதற்கு இனி வேலை ஒன்றும் இல்லை.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. ஆரம்பத்தில் மூன்று லைற், ஒரு பிளக். பிறகு பின்பக்கம் பத்தி இறக்கினார்கள், பிரிட்ஜ் வந்தது, கிணற்றுக்கு மோட்டர் வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் வந்து இருந்த வயரிலிருந்தே இழுத்துவிட்டிருக்கிறார். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. பல்லால் வயரைச் சீவி முறுக்கிப் பழகிய கை. டைனமோ கடிக்காது, 230 வோல்ட் கடிக்கும்.

வீட்டுக்குக் கரண்ட் வருகிற வழியைக் கொஞ்சம் பார்ப்போம். சாதாரண வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது இரண்டு வயர்: கரண்ட் வருகிற பேஸ், அது திரும்பிப் போகிற நியூற்றல். அது மீற்றருக்குள் போகிறது. மீற்றர் வரைக்கும் கரண்ட் தருகிற நிறுவனத்தின் பொறுப்பு, அந்த சீலில் நாங்கள் கைவைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வருகிற மெயின் சுவிச், றிப் சுவிச், ஒவ்வொரு லைனிலும் அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் போனால் வெட்டுகிற எம்சிபிகள் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற எர்த் வயர் கம்பத்திலிருந்து வருவதில்லை. எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீடும் தன் எர்த்தைத் தன் வளவில்தான் இறக்க வேண்டும்.

"எர்த் றொட் அடிச்சிருக்கு, பிறகென்ன பயம்?" என்று பலர் கேட்பார்கள். எர்த் வயரைப் பூட்ட நிலத்தில் அடிக்கிற கம்பிதான் றொட். கணக்கைப் பாருங்கள். ஆவணியில் வெடித்துக் கிடக்கிற நிலத்தில் அந்த றொட்டின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டர் உடம்பில் பேஸ் முழுதாகப் பட்டாலும் நிலத்துக்குள் இறங்குவது 230 வகுத்தல் 100, அதாவது 2.3 அம்பியர். மோட்டர் லைனில் இருப்பது 16 அம்பியர் எம்சிபி. ஒரு அயன்பொக்ஸ் எடுக்கிற கரண்ட்கூட இல்லாத இதை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மோட்டர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். வெறுங்காலோடு ஈர நிலத்தில் நிற்கிறவர் அதைத் தொட்டால் போதும்.

றிப் சுவிச் பார்ப்பது வேறு கணக்கு. பேஸில் போனது நியூற்றலில் திரும்பி வந்ததா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுவது 30 மில்லிஅம்பியர் சுவிச். அதாவது 0.03 அம்பியர் வழிதவறினால் விழுந்துவிடும். ஆகவே எர்த் சுமாராக இருந்தாலும் அது காப்பாற்றும். அதை டிரெக்ட் பண்ணிவிட்டால் றொட் தனித்து நின்று செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்த வீட்டில் றொட்டும் பேருக்குத்தான். நட் துருப்பிடித்து, எர்த் வயர் கழன்று கிடந்தது. மோட்டருக்குப் போகிற வயரை மண்ணுக்குள் வெறுமனே புதைத்து, நடுவில் ஒரு மூட்டுப் போட்டு ஒட்டு ரேப் சுற்றியிருந்தார்கள். தோண்டினால் ரேப்புக்குள் தண்ணீர். கசிவு இன்னும் முற்றாதபடியால் அம்மாவுக்குக் கை விறைத்ததோடு போயிற்று.

றிப் சுவிச் விழுந்தால் எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, றிப் சுவிச்சை ஏற்றி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அநேகமாகப் பழுது அந்த லைனில். எல்லாம் இறக்கியிருந்தும் சில வேளை விழும். உடனே சுவிச்தான் பழுது என்று புதிதாக வாங்கி வருவார்கள், அதுவும் விழும். வீடுகளில் போடுகிற எம்சிபி அநேகமாகப் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. வெளி லைற் ஹோல்டரில் தண்ணீர் போய் நியூற்றல் எர்த்தில் பட்டிருந்தால் எம்சிபியை இறக்கிப் பயனில்லை. அது சோதனை மீற்றர் வைத்துத் தேட வேண்டிய வேலை, தகுதியுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. லைற்றுக்கு இழுத்த 1 சதுர மில்லிமீற்றர் வயரில் பிரிட்ஜும் அயன்பொக்ஸும் கொழுவி, 6 அம்பியர் எம்சிபி விழுகிறது என்று 20 போடாதீர்கள். எம்சிபி விழாது, வயர் சுவருக்குள் வேகும். பிளக்குகளுக்கு 2.5 வயர் தனியாக இழுக்க வேண்டும். பன்றிக்கும் யானைக்கும் என்று வேலிக்கம்பியில் வீட்டுக் கரண்டைக் கொடுப்பது பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. அது ஆளைக் கொல்கிற வேலை, சட்டப்படி குற்றமும்கூட.

அன்று புதுக் கேபிளை மூட்டில்லாமல் பைப்புக்குள் இழுத்து, மோட்டர் உடம்புக்கு எர்த் கொடுத்து, புது றொட் அடித்து, றிப் சுவிச்சின் இரண்டு வயரையும் கீழ் முனைகளுக்கு மாற்றிப் பூட்டப் பொழுதுபட்டுவிட்டது. றிப் சுவிச்சில் 'T' என்று ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருக்கா அதை அழுத்திப் பார்க்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். பயந்து பயந்து விரலை வைத்தார். டக். வீடு இருண்டது. உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பேரன் "அம்மம்மா!" என்று கத்தினான்.