ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் ஏன் தங்குவதில்லை?

திருநெல்வேலி பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நுணுக்கமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பர் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் எல்லோரும் சரியாக அளந்தார்கள். பத்து நாள் கழித்து ஒருவனுக்கும் வரவில்லை. கோளாறு அவர்களிடமா, என்னிடமா?”

கோளாறு அந்த ஒற்றை ஞாயிற்றுக்கிழமையில்தான்.

கற்றது எந்த வேகத்தில் மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து வெளியிட்டார். பிரித்துப் பிரித்துப் படித்தால் அதிகம் தங்கும் என்றும் கண்டார். இதைத் தொழிலிடத்தில் சோதித்தவர்கள் பிரிட்டனின் ஆய்வாளர்கள் பேட்லியும் லாங்மேனும். அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த அவர்களுடைய ஆய்வு 1978-ல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம் பயின்றவர்கள் விசைப்பலகையைக் கற்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் ஆனது. தினம் நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கோ சுமார் 50 மணி நேரம்.

இடைவெளி அப்படி என்னதான் செய்கிறது? எனக்கு அலுக்கவே அலுக்காத கேள்வி இது. நரம்பியல் அறிஞர் எரிக் காண்டெல் விடை தேடியது ஏப்லிசியா என்ற கடல் நத்தையில். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில் செரட்டோனின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஒருமுறை பட்டால் இணைப்பு சில நிமிடங்களுக்கு வலுவாகும், பிறகு பழையபடி ஆகிவிடும். இருக்கிற புரதங்களே சற்று மாறி வேலை செய்வதால் வரும் வலிமை அது. இடைவெளி விட்டு ஐந்து முறை பட்டால் கதையே வேறு. ஒரு நொதி செல்லின் உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, ‘கிரெப்’ என்ற புரதத்தை உசுப்புகிறது. அது மரபணுக்களை இயக்குகிறது. புதிய புரதங்கள் உருவாகி, அந்தச் சந்திப்பில் புதிய முனைகளே முளைக்கின்றன! புரத உற்பத்தியை மருந்தால் தடுத்தால் குறுகிய கால நினைவு வரும், நீண்ட கால நினைவு வராது. அதாவது, நினைவு என்பது உடலில் நடக்கும் கட்டுமான வேலை. அதற்கு நேரம் வேண்டும். காண்டெலுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈயிலும் எலியிலும் இதே கிரெப்தான்.

இன்னொன்றும் உண்டு: நீங்கள் திரும்பச் சொல்வதைவிட, அவர்களிடம் கேள்வி கேட்டு வரவழைப்பது மேல். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஆகவே திங்கட்கிழமை இருபது நிமிடம் காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை எதையும் விளக்காமல், லேத்தில் கடைந்த உருப்படி ஒன்றைக் கையில் கொடுத்து அளவைக் கேளுங்கள். முதன்மை அளவுகோலில் 23 மில்லிமீட்டர், வெர்னியரில் ஏழாவது கோடு ஒன்றுகிறது, மீச்சிற்றளவு (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 என்றால், ஏழை 0.02-ஆல் பெருக்கிக் கூட்ட விடை 23.14. பையன் 23.07 என்றால் 0.02-க்குப் பதில் 0.01-ஆல் பெருக்கியிருக்கிறான். அங்கேயே திருத்துங்கள். அடுத்து வெள்ளிக்கிழமை, அப்புறம் ஒரு வாரம் கழித்து.

‘அவனுக்குக் கைராசி இல்லை’, ‘தலையெழுத்து அவ்வளவுதான்’ என்று பையன்களை ஒதுக்குவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நாளில் வராததை வைத்து ஒருவன் பிழைப்பைத் தீர்மானிப்பது மூடநம்பிக்கை. பேட்டைப் பட்டறையிலும் பத்தமடைப் பாய்த் தறியிலும் வீரவநல்லூர்க் கைத்தறியிலும் வேலை எப்படிக் கைக்கு வருகிறது என்று அளக்கும் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு மட்டும் போதாது. ஒரு மாதம் கழித்து எவ்வளவு எஞ்சியது என்பதுதான் கணக்கு.

வாசகருக்கு ஓர் எச்சரிக்கை. அந்த அஞ்சல் ஊழியர்களில் தினம் ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்குத்தான் திருப்தி குறைவாக இருந்தது. நாட்கள் இழுக்கின்றன என்று தோன்றியதுதான் காரணம். உங்கள் பையன்களும் முதல் வாரம் தடுமாறுவார்கள், முணுமுணுப்பார்கள். அதைப் பார்த்து மறுபடி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்விடாதீர்கள்.