ஆடு தொடாது என்று அரளி நடுபவர்களுக்கு

கால்நடை மருத்துவரான என்னிடம் இந்த வாரமும் ஒரு அரளிச் சாவு வந்துவிட்டது. வடசென்னையில் கொடுங்கையூர் பக்கம் ஒரு தெருவில் இரண்டு வெள்ளாடுகள். ஒன்று நான் போய்ச் சேருவதற்கு முன்பே விறைத்துக் கிடந்தது. மற்றது சினையாடு. காது சில்லிட்டுப் போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதயம் நாலு துடி துடித்து, இரண்டை விட்டு, திடீரென்று தாறுமாறாக ஓடியது. அரை மணி நேரத்தில் அதுவும் சாய்ந்தது.

வயிற்றைத் திறந்து பார்த்தோம். புல்லும் செம்பருத்தி இலையும் கலந்த கூழுக்குள் தடித்த, தோல் மாதிரியான இலைத் துண்டுகள். அரளி இலையில் நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக, இணைகோடாக நரம்பு ஓடும். ஆடு மென்ற பிறகும் விரல் நகம் அளவுத் துண்டில் அந்தக் கோடு தெரியும். வேறு இலையோடு குழப்பிக்கொள்ளவே முடியாது.

யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். ரோஜாவையும் இட்லிப்பூவையும் தெரு ஆடுகள் மொட்டையடிக்கின்றன என்று, காம்பவுண்டு ஓரம் வரிசையாகச் செவ்வரளி வைத்திருக்கிறார். அன்று காலை கத்தரித்து, கிளைகளைத் தோட்டத்துக் குப்பையோடு சேர்த்துத் தெருமுனையில் கொட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆட்டுக்காரம்மா அந்தச் சினையாட்டை நம்பித்தான் பள்ளிக்கூடச் செலவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஏன் அரளி என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். மான் தொடாத செடிகள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் பார்த்தாராம். இந்த மாதிரிப் பட்டியலோடு என்னிடம் பேசியவர்கள் ஏற்கெனவே பலர். பூச்செடியை மான் மேய்ந்துவிடும் ஊர்க்காரர்கள் எழுதுவது அது. அதில் அரளிக்கு எப்போதும் முன்வரிசை இடம். மானுக்குப் பொருந்துவது ஆட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்ததில் தப்பில்லை. இரண்டுமே தழையும் தளிரும் பறித்துத் தின்கிறவை. ஆனால் பட்டியல் போட்டவர்கள் சொல்வது, வேறு தீனி இருக்கும்போது மான் அதை விரும்புவதில்லை என்பது மட்டும்தான். பசித்த மான் எதையும் தின்னும். நம் சென்னை ஐஐடி வளாகத்தில் செத்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கையே எடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் தின்கிற பசி, கசப்புக்குப் பயந்து நிற்குமா?

"அதெல்லாம் ஆட்டுக்குத் தெரியும் டாக்டரம்மா. விஷம்னா மோந்து பார்த்துட்டுப் போயிடும்." வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எல்லோரும் எனக்குச் சொல்கிற வாக்கியம் இது. ஆடு வளர்க்கிறவர்களும் சொல்கிறார்கள், செடி வளர்க்கிறவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் மறந்துவிடுங்கள்.

ஆட்டுக்குத் தெரிந்தது கசப்பு. விஷம் என்பது அதற்குத் தெரியாது. செடியில் நிற்கும் பச்சை அரளி கடும் கசப்பு, ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். அதைத்தான் நாம் பார்க்கிறோம், பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வெட்டிப் போட்ட கிளை வெயிலில் வாடியதும் கசப்பு குறைந்துவிடும். விஷம் அப்படியே இருக்கும். சருகாகக் காய்ந்தாலும் இருக்கும். அதைப் புல்லோடும் செம்பருத்தித் தழையோடும் கலந்து குவித்துவிட்டால், பிரித்துத் தின்ன ஆட்டுக்கு அவகாசமும் இல்லை, போட்டிக்கு நாலு ஆடு பக்கத்தில் வேறு. பெரிய மாட்டுக்கே பத்து, இருபது இலை போதும். ஆட்டுக்கு ஒரு சின்னக் கொத்து.

எதைத் தின்னலாம் என்பதைக் குட்டி தாயோடு சேர்ந்து மேய்ந்துதான் கற்றுக்கொள்கிறது. பக்ரீத்துக்கும் ஆடி மாதத்துக்கும் வெளியூர்ச் சந்தையிலிருந்து லாரியில் வந்து, வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ வாசல் கம்பத்தில் கட்டப்படும் ஆட்டுக்கு இந்தத் தெருவின் செடி எதுவுமே பழக்கமில்லை. மேய்ச்சல் நிலம் என்று வடசென்னையில் எங்கே மிச்சம் இருக்கிறது? சுவரொட்டியின் பசையை நக்கும் ஆட்டிடம் போய்த் தேர்ந்தெடுத்துத் தின்னச் சொல்கிறோம்.

"போன வருஷமும்தான் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். போன வருஷம் குறைவாகத் தின்றிருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மஞ்சள் அரளியும் இதே கதைதான். இப்போது மாடிக்கு மாடி தொட்டியில் வைக்கிற, அடிமரம் பருத்த அடீனியமும் அதே குடும்பம், அதே வகை விஷம். ஆடி வெள்ளிக்குச் சாத்திய அரளி மாலையைக் கழற்றி மரத்தடியில் போடுகிறீர்களே, அதையும் தின்கின்றன. பூவிலும் விஷம் உண்டு. சாமிக்குப் போட்டது என்பதால் குப்பையில் போட மனசு வரவில்லை என்றால், ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.

வேண்டுமென்றே செய்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குருணையாக வரும் பூச்சிமருந்தை வாழைப்பழத் தோலில் வைப்பது, எலி மருந்தைச் சோற்றில் பிசைவது, சுவரோரம் கண்ணாடித் துண்டு பரப்புவது, வேலிக் கம்பியில் கரண்ட் கொடுப்பது. குருணையில் பெயர்போன போரேட் 2020 கடைசியோடு நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டது. இன்னும் பழைய டப்பா எங்கிருந்தோ வருகிறது. விஷம் வைத்து விலங்கைக் கொல்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே தெருவில் குழந்தைகளும் விளையாடுகின்றன. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

செடியைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. எனக்கும் செம்பருத்தி பிடிக்கும், மொட்டோடு போனால் வலிக்கத்தான் செய்யும்.

வேலிதான் முதல் வழி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வெல்டு மெஷ் என்கிற, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். கோழி வலையை ஆடு முட்டியே கிழித்துவிடும். நாலடிக்குக் குறையாத உயரம் வேண்டும். ஆடு பின்னங்காலில் நின்று எட்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வலையைச் செடியை ஒட்டிக் கட்டாதீர்கள், இரண்டு சாண் தள்ளிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் ஓட்டை வழியாக நாக்கை விட்டுத் தளிரை இழுத்துவிடும். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் குட்டி நுழையும், ஒரு பலகை அடியுங்கள். முள்கம்பி வேண்டவே வேண்டாம். மடி கிழிந்த மாட்டுக்கு நான் தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலி போட இடமில்லாத ஒண்டுக் குடித்தனமா? சாணியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பூவை விட்டுவிட்டு இலைமேல் தெளியுங்கள். சாண வாடை அடிக்கும் தழையை ஆடும் மாடும் ஒதுக்கும். மழை பெய்தாலோ புதுத் தளிர் விட்டாலோ திரும்பத் தெளிக்க வேண்டும். மானுக்கு அழுகிய முட்டைக் கரைசல் தெளிப்பார்கள், வேலையும் செய்யும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளுக்கு அந்த நாற்றம் சரிப்படாது. உயிர்வேலிதான் வேண்டுமென்றால் நொச்சி வையுங்கள், ஆடாதோடை வையுங்கள். ஆடு அவ்வளவாக விரும்பாது. அதைக் கத்தரித்துப் போட்டால் என்னைக் கூப்பிட வேண்டிய நிலையும் வராது.

ஏற்கெனவே அரளி இருக்கிறதா? பிடுங்கச் சொல்லவில்லை. கத்தரித்ததை அப்போதே சாக்கில் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முனையில் கொட்டாதீர்கள், காலி மனையில் எறியாதீர்கள், எரிக்காதீர்கள், அந்தப் புகையும் கெடுதல். கிளை ஊறிய தண்ணீரை மாடு குடிக்கவும் விடாதீர்கள்.

ஆடு வைத்திருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அவிழ்த்து விடாதீர்கள். ஒரு கட்டு அகத்தியோ வேலிமசாலோ போட்டுவிட்டு அவிழ்த்தால், கண்டதில் வாய் வைப்பது பெருமளவு குறையும். மீந்த பிரியாணியும் சோறும் தீனி ஆகாது, அது வயிற்றைப் புளிக்க வைத்துத் தனியாக ஒரு சாவைக் கொண்டுவரும்.

அரளி தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஆட்டை நடக்க வைக்காதீர்கள், ஓட்டாதீர்கள். இதயம் தாங்காது. தூக்கி வண்டியில் வையுங்கள். நல்லெண்ணெய், மோர், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மாடு படுத்துவிட்டது, கால்சியம் குறைந்து வரும் பால்காய்ச்சலாக இருக்கும் என்று யாராவது கால்சியம் பாட்டிலோடு வந்தால் தடுத்துவிடுங்கள். அரளி விஷம் ஏறிய இதயத்தில் கால்சியம் போவது அந்த நிமிஷமே உயிரை எடுத்துவிடக்கூடும். இதைப் படிக்கும் கால்நடை உதவியாளர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் இதயத்தைக் கேளுங்கள்.

கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் அடியுங்கள், அல்லது நேராக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இந்த விஷத்தை முறிக்க எளிதாகக் கிடைக்கும் மருந்து கிடையாது. நாங்கள் செய்வதெல்லாம் மேற்கொண்டு விஷம் ஏறாமல் கரித்தூள் கொடுப்பது, இதயத்தைத் தாங்கிப் பிடிப்பது. சீக்கிரம் வந்தால்தான் அதற்கும் பலன்.

வரும்போது அது தின்ற செடியில் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். செடி உங்களுடையது, ஆடு பக்கத்து வீட்டுக்காரருடையது என்றாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சண்டை வரும் என்று பயந்து மறைக்கும் நேரத்தில், நான் தெரியாத விஷத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பேன்.