தெரு முனையில் மூளை என்ன செய்கிறது?

ஸ்மார்ட்போன் வந்து மனித அறிவு மழுங்கிவிட்டது என்பவர்கள் நார்வேயைச் சான்றாகக் காட்டுவது உண்டு. அங்கே ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது நடத்திய சோதனைகளில், 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிறந்தவர்களின் ஐக்யூ மதிப்பெண் இறங்கியது உண்மைதான். ஆனால் அவர்களில் மூத்தவர்கள் சோதனை எழுதியது 1990களில். அப்போது ஸ்மார்ட்போன் ஏது? ஒட்டுமொத்த அறிவைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் குழப்பம் வரும். ஏதாவது ஒரு திறனை மட்டும் எடுத்துப் பார்ப்போம். வழி கண்டுபிடிப்பது.

லண்டனில் சோஹோ என்ற பகுதி, குறுகிய தெருக்கள் பின்னிக் கிடக்கும் இடம். ஆய்வாளர்கள் 24 பேரை அங்கே நடக்கவைத்துத் தெருக்களைப் பழக்கினார்கள். அப்புறம் மூளை ஸ்கேன் எடுத்தபடியே, அதே தெருக்களில் போவது போன்ற வீடியோவைக் காட்டினார்கள். பாதிப் பயணங்களில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். மீதிப் பாதியில், ஸ்மார்ட்போனின் வழிகாட்டி சொல்வதுபோல, எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

2017இல் வெளிவந்த முடிவு இது: தானே வழி தேடும்போது, புதிய தெருவில் நுழைந்ததுமே ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் செயல்பாடு சட்டென்று உயர்ந்தது. நினைவுகளையும் இடங்களின் வரைபடத்தையும் உருவாக்கும் பகுதி அது. நுழைந்த தெருவிலிருந்து பிரியும் தெருக்கள் அதிகமாக இருந்தால் உயர்வும் அதிகம். இது எங்கே போகும், அது எங்கே முட்டும் என்று மூளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறது. சொன்னபடி திரும்பிய பயணங்களில் இந்த உயர்வே காணோம். போக வேண்டிய இடத்துக்குப் போயாயிற்று, வரைபட வேலைதான் நடக்கவில்லை.

இந்த வேலை மூளையின் அமைப்பையே மாற்றக்கூடியது. லண்டன் டாக்சி உரிமத்துக்குச் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்தவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வந்தது. தேறியவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. வயதுவந்த பிறகும் இது நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

படிப்பிலும் இதே கதைதான். ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதுதான் அது நிலைத்துப் பதிகிறது. தேடும் சிரமத்துக்குத்தான் அந்தப் பலன். கையிலுள்ள கருவி முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சிரமத்தை.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். கேட்டால் விடை தரும் சாட்பாட் கிடைத்தவர்கள், அது இல்லாதவர்களைவிடப் பயிற்சிக் கணக்குகளை 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இன்னொரு குழுவுக்குக் கொடுத்த சாட்பாட், விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தந்தது. அந்தக் குழுவில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆக, கருவி இருப்பது பிரச்சினை இல்லை. யோசிக்கும் அந்தக் கட்டத்தை யார் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதே ஆய்வின் இன்னொரு தகவல். விடையை வாங்கிப் பழகி, தேர்வில் பின்தங்கிய மாணவர்களிடம் கேட்டபோது, தாங்கள் குறைவாகக் கற்றதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.