ப்ராக்ஸி: பதிலியும் அதன் கருக்களும்

ப்ராக்ஸி: ஒருவருக்குப் பதிலாக நின்று அவர் வேலையைச் செய்யும் ஆள் அல்லது பொருள். கணினி வலையமைப்பில், பயனரின் கோரிக்கையை வாங்கித் தன் பெயரில் இணையத்தளத்துக்கு அனுப்பி, வரும் விடையை அவரிடம் சேர்க்கும் சர்வர்.

மற்றவர் சார்பில் காரியங்களைக் கவனித்தலைக் குறிக்கும் லத்தீன் வினை 'புரோகூராரே'. அதன் வழிவந்த 'புரோகியூரசி' என்ற ஆங்கிலச் சொல் வாய்வழக்கில் தேய்ந்து ப்ராக்ஸி ஆயிற்று. தமிழில் பதிலாள், பதிலி இரண்டும் வழங்குகின்றன. வாக்களிக்க அனுப்பப்படும் மனிதருக்குப் பதிலாள் பொருந்தும். இயந்திரத்துக்குப் பதிலிதான் சரி. எனவே பதிலிச் சேவையகம். பினாமி என்று எழுதுவது தவறு. அது சொத்தின் உரிமையாளரை மறைப்பதற்கான சொல்.

இதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் கோர். கணினியின் செயலிக்குள் (பிராசசர்) தனித்து இயங்கும் கணிப்புப் பகுதி அது. கரு என்று சொல்லலாம். கருக்கள் கூடினால் பதிலி அதே அளவு வேகம் பெறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். பதிலியின் பொழுது பெரும்பாலும் தொலைவிலுள்ள தளம் விடை தரும்வரை காத்திருப்பதில் கழிகிறது. காத்திருக்கக் கரு தேவையில்லை. ஒரே கரு பல ஆயிரம் இணைப்புகளைத் தாங்கும். மறையாக்கம், உள்ளடக்கச் சோதனை, தரவுச் சுருக்கம் ஆகியவை சேரும்போதுதான் கருக்களுக்கு உண்மையான வேலை வருகிறது.

அப்போதும் மென்பொருள் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் 'டாப்' கட்டளையை இயக்கி 1 என்ற விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு கருவின் சுமையும் தனி வரியில் தெரியும். ஒரு கரு நூறு சதவீதத்தில் திணற, மற்றவை சும்மா இருந்தால் பழுது செயலியில் இல்லை, மென்பொருளை அமைத்த விதத்தில் இருக்கிறது. ஸ்குவிட் என்ற பதிலி மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 3.2 பதிப்பிலிருந்து பல பணிச்செயல்முறைகளை, அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் தன் பிரதிகளை, அது இயக்கும். ஆனால் நாம் கேட்காதவரை ஒன்றைத்தான் இயக்கும். பதிலியாகவும் இயங்கும் இஞ்சின்எக்ஸ் (nginx) மென்பொருளில் பணிச்செயல்முறைகளின் எண்ணிக்கையை 'ஆட்டோ' (auto) என அமைத்தால் கருவுக்கு ஒன்று கிடைக்கும்.

வரிசையாகத்தான் செய்தாக வேண்டிய பகுதி பத்தில் ஒன்று என்றால், எத்தனை கருக்களை அடுக்கினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பது 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து கிடைக்கும் கணக்கு. பதிலியில் அந்தப் பகுதி பெரும்பாலும், வாங்கிய பக்கங்களை வைத்திருக்கும் பொதுச் சேமிப்பகத்தின் பூட்டுகளில், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாட்டில், ஒளிந்திருக்கிறது. ஸ்குவிட்டின் பழைய 'யூஎஃப்எஸ்' வட்டுச் சேமிப்பகத்தைப் பணிச்செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளவே இயலாது. கருக்களைக் கூட்டுமுன் 'ராக்' வகைக்கு மாற வேண்டும்.