முன்பிள்ளையா, இளம்பிள்ளையா?

திருகோணமலையில் பிரதேச செயலகப் பலகை, செயலமர்வுப் பதாகை, சுற்றறிக்கை எதைப் பார்த்தாலும் ஒரே தொடர்தான்: "முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தியில் முதலீடு." ஆங்கிலத்தில் early childhood development என்பதற்கு இங்கே வழங்கும் பெயர் இது. முதலீட்டில் குறையில்லை. முதல் + இடு. வெளியீடு, குறியீடு போல 'இடு' நீண்டு 'ஈடு' ஆயிற்று. பின்னால் பலன் வரும் என்று இன்றைக்கு இடும் முதல். பிழை இருப்பது, அதை எந்த வயதில் இடுவது என்று சொல்லவேண்டிய 'முன்பிள்ளை'யில்.

முன்னிரவு, முன்பனி என்கிறோமே, 'முன்' தொடக்கத்தையும் குறிக்காதா என்று இச்சொல்லை ஆதரிப்போர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னிரவு இரவின் முதற்கூறுதான். ஆனால் அதைக் குழப்பப் பக்கத்தில் வேறு சொல் இல்லை. முன்பிள்ளைக்குப் பக்கத்திலோ 'முன்பள்ளி' நிற்கிறது. அங்கே 'முன்' என்றால் பள்ளிக்கு முந்தியது. இரண்டும் ஒரே பதாகையில் வரும்போது, முன்பிள்ளை என்பது மூன்று வயதில் நேசரிக்குப் போகும் பிள்ளை என்றே காதில் விழுகிறது. சிங்களத்தில் 'முல் ளமாவிய' என்பார்கள். 'முல்' என்றால் வேர், தொடக்கம். அங்கே இந்த மயக்கம் இல்லை.

சொல் மயங்கினால் பணமும் இடம்மாறும். கட்டடம், ஊஞ்சல், சீருடை என்று செலவாகும். கருவில் 270 நாளும் பிறந்தபின் 730 நாளுமான அந்த ஆயிரம் நாள் கணக்கிலேயே வராது. பலன் மிகுதியாக விளைவது அங்கேதான். குவாத்தமாலாக் கிராமங்களில் 1969 முதல் 1977 வரை சத்துக்கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் அதைக் குடித்த ஆண்பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்ற மணிக்கூலி, அது கிடைக்காதவர்களுடையதைவிட ஏறத்தாழ 46 வீதம் அதிகம். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. ஜமைக்காவில் 1986-87இல், வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணிநேரம் போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டு இப்படி. இருபது ஆண்டு கழித்து அவர்களின் வருமானம், அந்த உதவி கிடைக்காத குழந்தைகளுடையதைவிட 25 வீதம் கூடியிருந்தது. இரண்டுக்கும் நேசரிக் கட்டடம் தேவைப்படவில்லை.

நேசரியும் பலன் தரும், மறுக்கவில்லை. 3-4 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வுக்கு பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனின் குழுவினர் கணித்த ஆதாயம் ஆண்டுக்கு 7 முதல் 10 வீதம். இதை '7 முதல் 10 மடங்கு' என்று மொழிபெயர்ப்பவர்களை என்ன சொல்வது! வீதம் வேறு, மடங்கு வேறு. ஆண்டு வட்டியைப்போல் வளர்வது வீதம். போட்ட முதலையும் மொத்தப் பலனையும் ஒப்பிடுவது மடங்கு. 'ஆதாயம்' என்ற நல்ல சொல் சந்தையில் கிடக்க, ஆங்கில return-ஐத் 'திரும்பல்' என்று எழுதுவதும் இதே அவசரத்தால்தான்.

பிள்ளைத்தமிழைப் பாருங்கள். மூன்றாம் மாதக் காப்பு முதல் இருபத்தோராம் மாதம்வரை ஒற்றை மாதங்களில் பருவங்களைச் சிற்றிலக்கிய இலக்கணமான பாட்டியல் நூல்கள் வகுக்கின்றன. இந்த மரபில் 'பிள்ளை' என்ற சொல்லே அந்த ஆயிரம் நாளுக்குள் வாழ்கிறது. அதற்கு 'முன்' எதற்கு? 'ஆரம்பப் பிள்ளைப்பருவம்' என்றாலும் ஆரம்பப் பாடசாலை குறுக்கே வரும். 'மழலை' பேச்சைக் குறிப்பது; பேசாத குழந்தை வெளியே நின்றுவிடும்.

இளம்பிள்ளைப் பருவம் என்பதே பொருந்தும். இரண்டாம் மாதத்திலேயே சொட்டுமருந்து கொடுக்கும் தாய்மாருக்கு 'இளம்பிள்ளைவாதம்' தெரிந்த சொல். அதில் வரும் இளம்பிள்ளை யாரென்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

'அபிவிருத்தி' என்றதும் இங்கே வீதியும் துறைமுகமும் நினைவுக்கு வரும். 'வளர்ச்சி' தூய தமிழ்தான், ஆனால் கிளினிக்கில் அது நிறையையும் உயரத்தையும் குறிக்கிறது. நிறை சரியாக ஏறும் பிள்ளைக்கும் பேச்சு பிந்தலாம். அந்த வேறுபாட்டைக் காக்க 'விருத்தி' வேண்டும். வடசொல் என்று அதைத் தள்ளினால் தெளிவு போய்விடும். 'அபி'யை மட்டும் விட்டால் போதும். இளம்பிள்ளை விருத்தி. பலகைகளை மாற்றக் காலம் எடுக்குமென்றால், அதுவரை பழைய பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: கருமுதல் ஐந்து வயதுவரை.